கொத்தின மேப்பிள்

வோபர்ன், ஜூன் 2009

இஞ்சருங்கோ,

ஊரில காய்க்காத மாமரத்தைக் காய்க்கட்டும் எண்டு கொத்துற மாதிரி, போன வருசம் பின்வளவு மேப்பிள் மரத்தையும் கத்தியால கொத்திப்போட்டு மொன்றியலுக்கு வேலைக்குப் போனியள். இப்ப இலை தெரியாமல் விதை தொங்குது. வைத்தியம் பலிச்சிட்டுது எண்டு போனில சிரிச்சியள்.

மரம் பாக்க வந்தவர் சிரிக்கேல்லை. காயம் ஆழமாம். சாகப்போற மரம் சிலநேரம் கடைசியாய் இப்பிடி அள்ளிக் காய்க்குமாம். மேல்கொப்பு இப்பவே காஞ்சிட்டுது.

ஊரில சண்டை முடிஞ்சு ஒரு மாதம். வன்னியில இருந்த என்ர தம்பிக்கு என்ன நடந்தது எண்டு நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லை. அவனை விசாரிக்க வாற சனத்துக்கெல்லாம் நான் சமைச்சுப் போடுறன், சிரிச்சுக் கதைக்கிறன் எண்டு கேள்விப்பட்டு, "அவள் தேறிட்டாள்" எண்டு எல்லாருக்கும் சொல்லுறியளாம்.

முதல் வந்து மரத்தைப் பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ, நான் தேறிட்டன் எண்டு.

உங்கட மனிசி