இல்லை என்றாவது சொல்லச் சொல்லுங்கள்

வெளுத்து வந்த துணி மூட்டையில் உன் தலைப்பாகைத் துணியும் இருந்தது. கஞ்சி மணம். பிரித்தேன், மறுபடி மடித்தேன். எனக்கு இன்றும் அதைக் கட்டத் தெரியவில்லை.

நான் நான்காம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை உதறிவிட்டு நெல் வண்டிகளோடு திரிந்தேன். என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த நீ மெட்ரிகுலேஷன் தேறி, அம்பாசமுத்திரம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா ஆனாய். உப்பு இலாகா வேலைக்கு மனுப் போட ஆசைப்பட்டாய். சர்க்கார் ஊழியன் வேறு இலாகாவுக்குப் போக மேலதிகாரி சம்மதிக்க வேண்டும். உன் தாசில்தாருக்கு உன்னை விட மனமில்லை. உன்னைப்போல் நகல் எழுத அங்கே ஆள் கிடையாது.

தலைப்பாகை இல்லாமல் அவர் முன் நிற்கக் கூடாது. கட்டிக்கொண்டு போவாய். “பாப்போம்” என்பார். ஆற்றுப் படித்துறைக்கு வந்து அவிழ்த்து வைப்பாய்.

“நேரா தபால்ல போடுலே,” என்பேன்.

“சம்மதம் இல்லாமப் போனா மனுவும் போச்சு, இருக்க வேலையும் போச்சு.”

“அவரு மாட்டேன்னா சொன்னாரு?”

“மாட்டேன்னா கலெக்டருக்கு அப்பீல் போடலாம்லா. அதைத்தான் சொல்ல மாட்டேங்காரு.”

மனுப் போடும் கெடு முடிய இருந்த வாரம் ஜமாபந்தி வந்தது. வரிக்கணக்குப் பார்க்கக் கலெக்டர் துரை கூடாரத்தில் உட்காரும்போது எந்தக் குடியானவனும் நேரில் குறை சொல்லலாம். குமாஸ்தா சொல்லக் கூடாது. நான் குமாஸ்தா இல்லையே. உன் மாற்றுத் தலைப்பாகையை எடுத்துச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றேன்; நீ கணக்குக் கட்டோடு தாசில்தார் பின்னால் நின்றிருந்தாய்.

“ஒனக்கு என்ன கொறை?” என்று கேட்டார் துரையின் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார்.

“எனக்கு ஒண்ணுமில்ல ஐயா. இந்தக் குமாஸ்தா வேற வேலைக்கு மனுப் போடட்டுமான்னு கேட்டு மாசக்கணக்காச்சு. தாசில்தார் ஐயாவை, இல்லைன்னாவது சொல்லச் சொல்லுங்க.”

கூட்டம் சிரித்தது. துரை தாசில்தாரைப் பார்த்தார். ‘இல்லை’ என்றால் அங்கேயே காரணமும் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே சம்மதம் உன் கைக்கு வந்தது.

“தலப்பாவையா கட்டியிருந்த? வைக்கப்பிரி மாதிரில்லா இருந்துச்சு,” என்று திட்டினாய். துணியை வாங்கி ஒழுங்காக மடித்தாய்.

உப்பு இலாகா வேலை கிடைத்துத் தூத்துக்குடிப் பக்கம் போனாய். சில வருஷங்களில் மழைக்காலக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் கீழ் வேலை பார்த்த உப்பளத்துக் காவலாளி ஒருவர் இந்தத் துணியை என்னிடம் கொடுத்து, உன்னைப் பற்றிச் சொன்னார்.

“லீவு கேட்டா நின்ன நிலையிலயே ஆமா, இல்லைன்னு சொல்லிருவாரு அண்ணாச்சி. இல்லைன்னாலும் நமக்குக் கோவம் வராது.”

இன்று காலை என் வண்டிக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். மில்லில் வேலை இருக்கிறதாம், போகட்டுமா என்றான். அறுவடை நேரம். ‘பாப்போம்’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கட்டிலில் உன் தலைப்பாகை கிடந்தது.

“போலே,” என்றேன்.

நாளை முதல் வண்டியை நான்தான் ஓட்ட வேண்டும்.