எத்தனை குடம் என்று கேட்டது

9-5-93, ஞாயிறு
வெயில். காலை ஏழுக்கே புழுக்கம். குடியிருப்போர் சங்கத்துக்கான அறிக்கை, ஒருவழியாக. எந்தப் பகுதி குறைந்த தண்ணீரில், குறைந்த புகையில் அதிக ஜனங்களைத் தாங்குகிறது? தாம்பரம், சானடோரியம், வண்டலூர் மூன்றிலும் வீடு வீடாகப் போய், ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று கேட்டேன். குறிப்புகள்:
1. ஜனம் பெருகுகிறது, இடம் பெருகவில்லை.
2. மொத்தக் கணக்கு ஏமாற்றும். தலைக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.
3. சானடோரியம் கிணற்றுத் தெருவில்தான் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு. அதுவே சிக்கனத்துக்கு உதாரணம்.
4. புகை. கருவி இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் வெள்ளைத் துணி கட்டிப் பார்த்தேன்.

துணி கட்டும்போது டீக்கடைக்காரர், "இன்னா சார், கொடி ஏத்திகினு கீறீங்க? எந்தக் கட்சி?" என்று கேட்டார். மாலைக்குள் துணி சாம்பல் நிறம்.

இத்தனை வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன். இருந்தும் 3 பற்றிச் சந்தேகம். ஏன் என்று தெரியவில்லை.

12-5-93, புதன்
முதுகு வலி. சங்கச் செயலாளர் வந்தார், ஒரே உற்சாகம்.
"மூணாவது பாயிண்ட் பிரமாதம் சார். தண்ணி லாரி ஆபீஸ்ல காட்டிட்டேன். கிணத்துத் தெருவுக்கு வாரம் ஒரு லாரி போதும்னுட்டாங்க. மிச்சமெல்லாம் நம்ம பக்கம்!"
நான் அதற்காக எழுதவில்லை என்று சொல்ல நினைத்தேன். "காபி சாப்பிடறேளா?" என்றுதான் வந்தது.
அவர் போனதும் என் மனைவி கமலா: "வாயில என்ன கொழுக்கட்டையா?"

14-5-93, வெள்ளி
கிணற்றுத் தெருவுக்குப் போனேன். லாரி இல்லை. காலிக் குடங்களின் வரிசை மட்டும். அங்கே குடியிருக்கும் ஸ்டெல்லா டீச்சர், இடுப்பில் பேரக்குழந்தை. குழந்தையின் கைகால் முழுக்கச் சிரங்கு.

"கிணத்துத் தண்ணில குளிப்பாட்டினதுல வந்தது சார். தோல் பதனிடற ஷெட்டுக் கழிவு இறங்கி மஞ்சளா ஆயிடுச்சு. டாக்டர் லாரித் தண்ணில குளிப்பாட்டுங்கறார். லாரிதான் வரலையே."
"கிணற்றிலிருந்தும் எடுக்கிறீர்களா? அன்றைக்கு நாலு குடம் என்றுதானே..."
"எத்தனை குடம் தண்ணின்னு கேட்டீங்க. நல்ல தண்ணி நாலு குடம். கிணத்துல இருக்கறது உப்பு. அதைத் தண்ணின்னு யார் சார் கணக்குல சேப்பாங்க?" கொஞ்சம் யோசித்து, "எனக்கும் தோணலை பாருங்க."

என் வீட்டிலும் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர்தான். மற்ற இரண்டு இடத்திலும் குழாய், மோட்டார். எல்லாத் தண்ணீரும் ஒன்றாக வருவதால் முழுக் கணக்கும் வந்துவிட்டது. இங்கே மட்டும் பாதி.

இரவு அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன்.

16-5-93, ஞாயிறு
சங்கக் கூட்டம். மின்விசிறி ஓடவில்லை. எழுந்து நின்றேன்.
செயலாளர்: "சார், டீ வந்துடுச்சு. அப்புறம் பேசலாமே."
உட்காரப் பார்த்தேன். உட்காரவில்லை.
"கிணற்றுத் தெரு லாரியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றேன். குரல் கீச்சென்றது. பின்வரிசையில் ஒருவர், "ரிப்போர்ட்டே உங்களோடதுதானே பெரியவரே?"
"ஆமாம், என்னுடையதுதான். மூன்றாவது குறிப்பு தப்பு. அது சிக்கனம் இல்லை; நான் சரியாகக் கேட்கவில்லை."