புகை வராத கலவை

3 ஜூன் 2025, செவ்வாய்
நாளை கலவைக் கூடத்தில் என் பசை. உலைகளுக்குப் போகும் கரிக்கட்டியில் தூளைப் பிடித்து வைக்க இத்தனை வருடமும் நிலக்கரித் தார்தான். அதற்குப் பதில் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் நான் காய்ச்சியது. லேபில் நின்றது. கூடத்தில் நிற்குமா?

கலவை மிஷினில் நிற்பது என்னைப் பெற்ற நைனா. தார்ப்புகை பட்டுப் பட்டு அவர் கன்னமெல்லாம் கருந்திட்டு. டாக்டர் இனி அந்தப் புகையே ஆகாது என்று சொல்லிவிட்டார். வேலையை விடச் சொன்னால் கேட்கிற ஆளா அவர்? தாரைத்தான் மாற்ற வேண்டும்.

4 ஜூன்
கட்டிகள் சூளைக்குப் போய்விட்டன. வெந்து வெளியே வரப் பத்து நாளாவது ஆகும்.

14 ஜூன், சனி
போச்சு. ஒரு கட்டிகூட விரிசல் இல்லாமல் வரவில்லை. மேனேஜர் காஜா மொய்தீன் சார் கத்தவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. "இன்னும் ஒரு தடவை பாக்கலாம்மா, அதோட வுட்ருவோம்" என்றார். எங்கே தப்பு? எண்ணெயா, நானா? லேப்ல நல்லாத்தானே நின்னுச்சு, இங்க இன்னா கேடு?

15 ஜூன், ஞாயிறு
மீன் முள்ளை எடுத்துக்கொண்டே நைனா சொல்கிறார்: "உன் எண்ணெய்ல ஒரு பொட்டு பொகை வர்ல ஜெயஸ்ரீ. மஞ்சப் பொகை வராம கலவை பதமாச்சின்னு எப்டி நம்புறது? அதான் சூட்ட நல்லா ஏத்தி வுட்டேன். உனக்கோசரம்தான்."

எனக்காகவாம்! அந்தச் சூட்டில்தான் பசை முறிந்து கட்டியெல்லாம் விரிசல் விட்டிருக்கிறது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். புகை வரக்கூடாதென்றுதானே இந்தப் பாடு!

அப்புறம்தான் உறைத்தது. கூடத்தில் எல்லோருமே புகையைப் பார்த்துத்தான் பதம் சொல்வார்கள். நான் சூட்டின் அளவைச் சொன்னேனே தவிர, புகை வராது என்று யாரிடமும் சொல்லவில்லை.

18 ஜூன்
மறுபடி கலந்தோம். பக்கத்திலேயே நின்றேன். நைனாவின் கை சூட்டுத் திருகுக்குப் போய்ப் போய்த் திரும்பியது.
"சும்மா இரு நைனா."
"இருக்கேன்மா, இருக்கேன்."

2 ஜூலை, புதன்
நின்றுவிட்டது! காஜா சார் சுத்தியால் தட்டிப் பார்த்தார், கணீரென்றது. அழுதுவிட்டேன். ஆனால் கிடைக்கிற எண்ணெய்க்கு இப்போதைக்கு ஒரே ஒரு மிஷின்தான், மற்றதெல்லாம் பழையபடி தார். அதில் யார் நிற்பது என்று கூடத்து ஆட்களே பேசி முடிவு செய்யட்டுமாம். நைனாதான் சீனியர். அப்பாடா.

4 ஜூலை, வெள்ளி
புதுப் பசை மிஷினில், இதுவரை பக்கத்துத் தார் மிஷினில் இருந்த இன்னாசி அண்ணன் நிற்கிறார். அவருடைய தார் மிஷினில் நைனா.

நைனாவைக் கேட் அருகே பிடித்துச் சண்டை போட்டேன். "அவனுக்கு இப்பதான் மூஞ்சில திட்டு ஆரம்பிச்சிகீது. என்னுது ஆனது ஆயிடுச்சி" என்றார். "நீ அடுத்த மிஷினுக்கு எண்ணெய் பாரு, போ."

பண்ருட்டி முந்திரி ஆலைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறேன்.