துர்காவின் நாவலில் என் அத்தா

ஜூன் 11, செவ்வாய்

நாள் முழுக்கச் சாரல். மலை மேல் எங்கள் நாயுடுபுரத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. கடையில் உட்கார்ந்து சாக்லேட்டைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தபோது கூரியர் வந்தது. துர்கா எழுதிய நாவல். அட்டையில் இரண்டு சிறுமிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், சுற்றிலும் பனிமூட்டம். உள்ளே அவள் கையெழுத்து: 'என் சமீஹாவுக்கு.'

சென்னைக்குப் போனதிலிருந்து பெருநாளுக்கு ஒரு வாழ்த்துகூடக் கிடையாது. இப்போது மட்டும் 'என்' எங்கிருந்து வந்தது? எனக்கு இது சரியாகப் படவில்லை.

ஜூன் 13, வியாழன்

புத்தகத்தை இன்னும் பிரிக்கவில்லை. அம்மா கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

பயம்தான், வேறென்ன. எங்கள் வீட்டு விஷயம் தெரிந்த வெளி ஆள் துர்கா ஒருத்திதான். எங்களைப் பெற்ற அத்தா மலேசியாவில் வேலை பார்க்கிறார் என்றுதான் அம்மா பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நாங்கள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது விளையாட்டுப் போட்டிக்காக ஒட்டன்சத்திரம் போனோம். அங்கே பஸ் ஸ்டாண்டில் அத்தாவைப் பார்த்தோம், நானும் துர்காவும். பக்கத்தில் வேறொரு அம்மா. அத்தா தோளில் ஒரு குழந்தை. "அது உங்கத்தா இல்லடி, வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் துர்கா.

தம்பி ஃபவாஸுக்குப் பழனியில் பெண் பேசி முடிக்கப் போகிறோம். அவர்களுக்கும் சொன்னது மலேசியாதான். இந்த நேரம் பார்த்து இவள் அதை எழுதி வைத்திருந்தால்?

ஜூன் 14, வெள்ளி

பாதி முடித்தேன். பனிமூட்டம், பனிமூட்டம், பனிமூட்டம். இவள் இங்கே பிறந்தவள்தானே? துணி காயாத நாளைத் தவிர என்றைக்கடி நாம் மூட்டத்தை நின்று பார்த்தோம்? கதையில் வரும் பெண்கள் இரண்டு பேரும் சண்டையே போடுவதில்லை. கைகோத்துக்கொண்டு ஏரியைச் சுற்றுகிறார்கள். என் காம்பஸ் பாக்ஸை ஜன்னல் வழியே எறிந்தவள் அவள். அவள் பின்னலில் பசையைத் தடவியவள் நான். அதெல்லாம் எங்கே போனது?

எங்கள் வீடு வருகிறது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள். அத்தா கல்லாவில் உட்கார்ந்து சிரிக்கிறார், அம்மா பிரியாணி கிளறுகிறாள், ஒரே சந்தோஷம். பஸ் ஸ்டாண்ட் இல்லை. நான் நிம்மதியாக இருக்க வேண்டும். ஏன் இல்லை?

ஜூன் 17, திங்கள்

பெருநாள். புத்தகத்தைத் தொடவில்லை. நினைப்பு மட்டும் அங்கேயே இருந்தது.

ஜூன் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஓடிப்போகிற அப்பா கதையில் இருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் இல்லை. கதை சொல்கிற பெண்ணுக்கு அப்பாவாக இருக்கிறார் — அதாவது துர்காவுக்கு! வீட்டை விட்டுப் போகிற அன்று காலையில் குமுட்டி அடுப்பில் கரி போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மகளுடைய ஈர யூனிபாரத்தை அதன்மேல் விரித்துப் புரட்டிப் புரட்டிக் காயவைக்கிறார். "புகை நாத்தம்னு யாராச்சும் சொன்னா, எங்கப்பா போட்டுவிட்ட செண்டுன்னு சொல்லு" என்கிறார்.

அது என் பாவாடை. என் அத்தா. என்கிட்டச் சொன்னது. ஒருநாள் அழுதுக்கிட்டே அவகிட்டச் சொன்னேன், அப்படியே எடுத்து மாட்டிக்கிட்டாளே! அவ அப்பா கணேசன் மாமா டெலிபோன் ஆபீஸ் விட்டா நேரா வீட்டுக்கு வர்ற மனுஷன். அவருக்கு மகளாப் பொறந்தது கதைக்குப் பத்தலையா இவளுக்கு?

கடைசியில் அந்த அப்பா திரும்பி வருகிறார். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். சுபம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வரலையே துர்கா. வரவே இல்லையே.

ஜூன் 20, வியாழன்

நானே போன் செய்தேன். "உங்க வீட்டக் காப்பாத்தத்தான்டி மாத்துனேன்" என்றாள். கேட்டு முடிப்பதற்குள் பதில் தயாராக இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 24, திங்கள்

பக்கத்து ஸ்வெட்டர் கடை சேக் பரீது அண்ணன் வந்து குரலைத் தாழ்த்தினார். "நம்ம கணேசன் சார் நெசமாவே வீட்ட விட்டு ஓடிப்போனவராம்மா? அட்டுவம்பட்டி முழுக்க இதே பேச்சாக் கெடக்கு. அவுக மகளே டிவியில சொந்தக் கதைன்னு சொல்லிருச்சாம்ல?"

இந்த ஊரில் யார் நாவலைக் கதையாகப் படிக்கிறார்கள்? இது யார் வீடு, அது யார் வீடு என்று விரல் வைத்துத்தான் படிக்கிறார்கள். மாமா ஒருமுறை திண்டுக்கல் ஆபீசுக்கு மாற்றலாகிக் கொஞ்ச நாள் தனியாக இருந்தார். அதைத் தோண்டியெடுத்து, 'அப்பத்தான் நடந்திருக்கு' என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

பேட்டியைத் தேடிப் பார்த்தேன். சொல்கிறாள். 'இது என் வாழ்க்கை' என்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. எங்களைக் காப்பாற்றத்தான் என்றது பொய்; நான் சந்தேகப்பட்டது சரிதான். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

பரீது அண்ணனிடம், "தெரியலண்ணே" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் ஃபவாஸ் கல்யாணம் என்னாவது?

ஜூன் 27, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கணேசன் மாமா தைலம் வாங்கக் கடைக்கு வந்தார். முகம் செத்துப்போய்க் கிடந்தது. டீக்கடைப் பக்கமே போவதில்லையாம். "நான் என்னைக்கும்மா எம்புள்ளய விட்டுட்டுப் போனேன்? கேட்டா, கதைதானப்பா, கண்டுக்காதீங்கங்குது. டிவியில வேற மாதிரி சொல்லுது. ஊர்ல எவன் முகத்துலம்மா நான் முழிக்கிறது?" வாசலில் பரீது அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். நான் தைலப் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

உள்ளே சாக்லேட் கிண்டிக்கொண்டிருந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"அண்ணே, அது நீங்க இல்ல. எங்க வீட்டுக்காரரு. மலேசியாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒட்டஞ்சத்திரத்துல வேற குடும்பமா இருக்காரு. பரீது, நல்லாக் கேட்டுக்கப்பா. வெரசாப் போயி பஜார்ல சொல்லிரு."

மாமா தலை குனிந்து நின்றார். "என்னத்துக்கும்மா இதெல்லாம்..." என்று அவரால் பாதிதான் சொல்ல முடிந்தது. பரீது அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு பஜார் பக்கம் நடந்தார்.

அவர்கள் போனபிறகு, "நாவல்ல நம்ம கதை இருக்குறது உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"அரிசி டப்பாக்குப் பின்னால ஒளிச்சு வச்சா? இந்த வீட்ல தெனமும் அரிசி எடுக்குறது யாரு?" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கூடை வர்ற பக்கத்த ரெண்டு தரம் படிச்சேன். அவரு உங்கிட்ட அப்படிச் சொல்லிட்டுப் போனது எனக்கு இப்பத்தான்டி தெரியும்."

அம்மாவிடம் சொல்லாததைத்தான் நான் துர்காவிடம் சொல்லியிருந்தேன்.

ஜூலை 1, திங்கள்

துர்கா கூப்பிட்டாள். "உங்கம்மா எதுக்குடி அப்படிச் சொன்னாங்க? எல்லாரும் என்னப் பொய்க்காரிங்கிறாங்க." அழுகிறாளா, அழுவதுபோல் பேசுகிறாளா? கண்டுபிடிக்க முடியவில்லை. வைத்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

பழனியிலிருந்து பெண்ணின் அம்மா பேசினார்கள். அவர்களுக்கும் சேதி போய்விட்டது. ஃபவாஸ் சுவரோரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "அடுத்தவுக சொல்லித் தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்போம். நீங்களே சொன்னீங்கன்னாங்க. எங்களுக்குச் சம்மதந்தான்" என்றார்கள். இவ்வளவு சுலபமாகவா? எனக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. எதையும் உடனே நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு கொஞ்சம் தயங்கி, "கல்யாணப் பத்திரிகையில உங்க பக்கம் யார் பேரப் போடுறதுங்க?" என்று கேட்டார்கள்.

ஃபவாஸ் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அழைக்கிறது நாந்தானங்க" என்றாள் அம்மா. "ரஹ்மத் பீவின்னு பெருசாவே போடுங்க."