தீவில் மூன்று நாற்காலி

என் வீட்டுக்காரிக்கு,

சுற்றுலாக் கப்பல் தீவுல நிக்கிற அந்த ஒரு பகலுக்கு நீ போட்டுத் தரச் சொன்ன திட்டம் இது. எனக்குக் கடல் ஒத்துக்காதுன்னு உன் தோழியைக் கூட்டிட்டுப் போறே. தாராளமா போயிட்டு வா. எனக்கென்ன வயித்தெரிச்சல்?

காலையில இறங்கினதும் அவளை மலையேற அனுப்பிடு. உன் முழங்காலுக்கு அது ஆகாது. நீ அடியில கண்ணாடி வச்ச படகுல மீன் பாரு. மத்தியானம் அவளுக்குக் கடைவீதி, உனக்குத் தூக்கம்.

"அவகூட இருந்தாதான் வாய்விட்டுச் சிரிக்கிறேன்"னு அன்னைக்குச் சொன்னியே, அதையெல்லாம் நான் மனசுல வச்சுக்கலை.

நாலு மணிக்கு மட்டும் கடற்கரைக் குடைக்கடியில ரெண்டு பேரும் உட்காருங்க. மூணு நாற்காலிக்குச் சொல்லி வச்சிருக்கேன். நடுவுல காலியா இருக்கிறது என்னோடது.

இப்படிக்கு,
கரையிலேயே நிக்கிற உன் புருஷன்