விஞ்ச் அண்ணனுக்குத் தெரிந்த குரல்

மார்ச் 3

எங்கள் பக்கத்துப் பேச்சில் கடைசி எழுத்தை இழுப்போம். அது ஒரு குற்றமா? மேல்தளத்தில் நின்று நான் "இறக்கூ..." என்று கத்தினால்தான் கீழே விஞ்ச் மெஷினில் கலவைத் தொட்டியை ஏற்றி இறக்குகிற அண்ணன் அதை இறக்குவார். மேலே நடப்பது அவருக்குத் தெரியாது. நான் வாயை மூடுவதற்குள், கம்பி கட்டுகிற ரேடியோ அதே இழுவையில் "சோறூ... போடூ..." என்பான். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். தளமே சிரிக்கும். இன்று எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் எரிச்சல்.

மார்ச் 8

கேலிக்குப் பயந்து வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டேன். "நாக்கை சைட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்றாள் வீட்டுக்காரி. அவளும் எங்கள் பக்கம்தான், இழுத்துத்தான் கேட்டாள். வள்ளென்று விழுந்தேன். பாவம்.

மார்ச் 11

தொட்டியைத் தளத்துக்குள் இழுக்கக் குனிந்திருந்தேன். "இறக்கூ..." என்று என் குரல். நான் கத்தவே இல்லை. தொட்டி விளிம்பில் இடித்துச் சரிந்து, கலவை பூராவும் கீழே கொட்டியது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை.

"இவன் குரல்தான் சார், எனக்குத் தெரியாதா?" என்கிறார் விஞ்ச் அண்ணன். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ரேடியோதான் கத்தினான் என்றேன். "அடுத்தவன் மேல பழி போடாத. நாளையிலேர்ந்து உனக்கு வேலை கிடையாது" என்றார் இன்ஜினியர். ரேடியோ கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 12

பையை எடுக்கப் போனேன். ஆபீஸ் கொட்டகையில் எனக்கு முன்னால் ரேடியோ நின்றான். "நான்தான் சார் கத்துனேன், விளையாட்டுக்கு." சார் நம்பவில்லை. "பரிதாபப்பட்டு நீ மாட்டிக்காத" என்றார். ரேடியோ, அங்கே நின்ற விஞ்ச் அண்ணனைத் திரும்பி நிற்கச் சொன்னான். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, "இறக்கூ..."

அண்ணனின் கை தானாக, அங்கே இல்லாத விஞ்ச் லீவரைத் தேடியது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது — எதற்கு?

மார்ச் 20

என்னை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ரேடியோவை அனுப்பிவிட இருந்தார்கள். நான்தான் சாரிடம் கெஞ்சினேன். அவனைக் கீழே கம்பி வெட்டப் போட்டிருக்கிறார்கள். இந்த வாரம் முழுக்க அவன் வாயே திறக்கவில்லை.

மதியம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எங்க, என்னை மாதிரி ஒண்ணு பேசு." தலையை ஆட்டி மறுத்தான். சரியென்று நானே அவனை மாதிரி மூக்கால், மூச்சு விடாமல் பேசிக் காட்டினேன். சுத்தமாக வரவில்லை.

"நான் எங்கடா அப்படிப் பேசுறேன்?" என்றான் கடுப்பாக. பிறகு சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, அவனைப் போல எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தான்.