இடமிருந்தும் இடமில்லை என்ற லேப்டொப்

பாசமுள்ள, ஆனாலும் என் கோபம் இன்னும் தீராத மச்சான் செல்வராஜுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். வட்டகொடை ஸ்டேஷனில் நின்று, ரயிலில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னேன். "செல்வராஜு லேப்டொப் ஒரு நாள் முரண்டு புடிக்கும், அன்னைக்கு நான்தான் வரணும்!" நீ எப்போது என் பேச்சைக் கேட்டாய்?

உன் மகள் சுகந்தியின் சடங்குக்கு நான் லொறியில் கொண்டுவந்த தாய்மாமன் சீரைப் பார்த்து, "ஒரு ஆட்டோவுல அடங்குற சாமானுக்கு லொறியாம்!" என்று சபையிலே சிரித்தவன்தானே நீ. அன்றோடு, நீ உயிரோடு இருந்தவரை உன் வாசலை நான் மிதிக்கவில்லை. செத்த பிறகும் மன்னிக்க மனசில்லை.

சரி, செய்தியைக் கேள். உன் லேப்டொப்பில்தான் சுகந்தி தோட்டத்து லயத்து ஆட்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறாள். போன வாரம் அது தானாக எழும்பவில்லை. பென் டிரைவைச் செருகினால் மட்டும் லினக்ஸ் வந்தது. எங்கிருந்து எழும்ப வேண்டும் என்ற குறிப்பு, மதர்போர்டுக்குள் ஃபேர்ம்வெயார் என்ற அடிப்படை மென்பொருள் வைத்திருக்கும் சின்ன இடத்திலிருந்து அழிந்துபோயிருந்தது. திரும்ப எழுதப் போனால், "இடமில்லை" என்றது லினக்ஸின் மையமான கெர்னல்.

இடம் இருக்கிறது மச்சான்! கொழுந்துக் கூடை நிறையும் முன்பே "போதும், இனிப் போடாதே" என்று கையைத் தட்டிவிடுகிற கங்காணி அது. எப்போதோ சில மெஷின்கள் அந்த இடம் நிறைந்து, இனி எழும்பவே முடியாமல் கல்லாகிப் போயினவாம். அதற்காக எல்லாரையும் சந்தேகப்படுகிறது. அப்படியே உன் குணம்!

எழும்பும்போது ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்தக் காவல் தளர்ந்துவிடும். அதை எனக்கு ஹற்றன் கம்ப்யூட்டர் கடைக்காரன் சொன்னான் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

சுகந்தி கைவைக்க மாட்டேன் என்றாள். "கல்லாயிட்டா என்னா செய்றது மாமா? அப்பா விட்டுட்டுப் போனது இது ஒன்னுதான்."

"அடியே, ஒங்கப்பாவே சொன்னதுதான். ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சு, 'இது மக்கர் பண்ணுனா காவலத் தளர்த்தச் சொல்லு மச்சான், சுகந்தி பயப்படாமச் செய்வா'ன்னாரு."

அவள் முகம் மாறிவிட்டது. "நான் தேத்தண்ணி வாங்கப் போன நேரமா மாமா?"

"அந்த நேரந்தான்."

அந்தச் சொல்லைத் தட்டினாள். குறிப்பு ஏறியது. பென் டிரைவைப் பிடுங்கினாள். லேப்டொப் தானாக எழும்பியது. சேர்த்தது அந்த ஒரு தடவைக்குத்தான், இப்போது கங்காணி பழையபடி காவல் நிற்கிறான். ஜெயித்தது யார், சொல்?

ஆனால் அன்றிலிருந்து தினமும் போன். "அப்பா வேற என்னா சொன்னாரு மாமா? அம்மாவப் பத்தி ஏதும் சொன்னாரா? என்னையப் பத்தி?" நான் எதைச் சொல்வேன்? செத்தும் என்னை இப்படி மாட்டிவைப்பாயா?

நீ ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வரவில்லை. கேட் வரை வந்து, கூப்பிட்டால்தான் போவேன் என்று வீம்பாக நின்றேன். பிறகு பஸ் ஏறிவிட்டேன். நான் வந்ததே தெரியாதவன் எப்படிக் கூப்பிடுவாய்?

ஞாயிற்றுக்கிழமை போய் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்தினாலும் வாசலிலேயே நிற்பேன். இந்தத் தடவை பஸ் ஏற மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியின் அண்ணன்